கொழும்பு வீட்டுக்கு நம்பகமான வைஃபை ரௌட்டரைத் தெரிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் "நல்ல ரௌட்டர் ஒன்று காட்டுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். நாலு அன்டெனா, ஆறு அன்டெனா, எட்டு அன்டெனா என்று மேசையில் வரிசையாக வந்து நிற்கும். அன்டெனா கூடினால் சிக்னல் கூடும் என்று வாங்குபவர் நம்புகிறார், விற்பவரும் மறுப்பதில்லை. ஆனால் கொழும்பில் ஒரு ரௌட்டரை உண்மையாகச் சோதிப்பவை வேறு: தடித்த சுவர்கள், பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல், சொல்லாமல் போய் வரும் கரண்ட், ஒக்டோபர் மாதத்து இடி மின்னல், கடற்காற்று. இத்தனைக்கும் ஈடுகொடுத்து, வீட்டில் யாரும் கை வைக்காமல் ஐந்து வருடம் ஓடினால் அதை நம்பகமான ரௌட்டர் எனலாம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேக எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

1. குறை ரௌட்டரில்தானா என்று முதலில் பாருங்கள்

காசைச் செலவழிக்க முன்னர் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். மடிக்கணினியை இணையக் கம்பனி தந்த ரௌட்டர் பெட்டியில் லேன் கேபிளால் இணைத்து, வைஃபையை நிறுத்திவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றி, அதே பெட்டிக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று வைஃபையில் சோதியுங்கள். கடைசியாக, "இங்கே வருகுதில்லை" என்று வீட்டில் சண்டை நடக்கும் அந்த அறையில். இரவு எட்டு ஒன்பது மணிக்கு, ஊரே டிவி பார்க்கும் நேரத்தில் இன்னொரு முறை செய்வது நல்லது.

கேபிளிலேயே மெதுவாக இருந்தால் குறை லைனில் அல்லது பக்கேஜில். எவ்வளவு விலையான ரௌட்டர் வாங்கினாலும் அது திருந்தாது, கம்பனியுடன்தான் கதைக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நன்றாக இருந்து தூர அறையில் மட்டும் விழுந்தால், அது இடத்தின் பிரச்சினை. பெட்டியை நகர்த்தினாலே பாதி தீரும். கேபிளில் வேகம் இருந்தும் பக்கத்திலேயே வைஃபை தள்ளாடினால் மட்டும் ரௌட்டரைச் சந்தேகியுங்கள்.

ஒரு சின்ன விடயம். பக்கேஜில் சொல்வது மெகாபிட், தரவிறக்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட் லைனில் கணினி 12 என்று காட்டினால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

2. உங்கள் லைன் எது?

கொழும்பில் இப்போது பெரும்பாலான வீடுகளில் எஸ்எல்டி-மொபிட்டெல் அல்லது டயலொக் தரும் ஃபைபர், இல்லாவிட்டால் 4ஜி. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்களும் உண்டு. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்கும் வந்துவிட்டது. அது தன் ரௌட்டரோடேயே வரும்.

ஃபைபர் வீட்டில் சுவரில் ஒரு ஓஎன்டி பெட்டி இருக்கும். ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதுதான், அதைக் கழற்றி எறிய முடியாது. அதற்குள் ஒரு வைஃபை ரௌட்டரும் அடங்கியிருக்கும். ஆகவே நீங்கள் வாங்கப்போவது ஓஎன்டிக்குப் பின்னால் கேபிளில் இணைக்கும் ரௌட்டர். கடையில் "ஏடிஎஸ்எல் ரௌட்டரா, சாதாரண ரௌட்டரா?" என்று கேட்டால் "வான் (WAN) போர்ட் உள்ளது" என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகும் துளை அது. தொலைபேசிக் கம்பி செருகும் சின்னத் துளை உள்ளதை ஃபைபர் வீட்டுக்கு வாங்குவது வீண்.

4ஜி வீட்டில் நிலைமை வேறு. கம்பனி தந்த பெட்டியைத் தூக்கிவிட்டு வெளியில் வாங்கிய சிம் ரௌட்டரைப் போட நினைத்தால், அந்த சிம் வேறு கருவியில் வேலை செய்யுமா, கம்பனி பாவிக்கும் அலைவரிசையை அந்தக் கருவி பிடிக்குமா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். கருவி 4ஜி என்று சொல்லிக்கொண்டாலும் அலைவரிசை பொருந்தாவிட்டால் சும்மா மின்னிக்கொண்டிருக்கும். பாதுகாப்பான வழி, கம்பனிப் பெட்டியை சிக்னல் நன்றாக விழும் யன்னலோரத்தில் விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை வீட்டு நடுவுக்கு இழுத்து, அங்கே ஒரு சாதாரண ரௌட்டரை வைப்பது. கோபுரத்தைப் பிடிக்கும் வேலையும் வீட்டுக்குள் பரப்பும் வேலையும் இரண்டு பெட்டிகளுக்குப் பிரிந்துவிடும்.

3. சுவரைப் பாருங்கள், அப்புறம் பெட்டியைப் பாருங்கள்

கொழும்புத் தமிழ் வீடுகளில் வைஃபையைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஃபைபர் போட வந்தவர் வெளிக்கம்பத்திலிருந்து மிகக் குறுகிய வழியில் கேபிளை இழுத்து, முன்வாசல் பக்கச் சுவரிலேயே பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். அதாவது உங்கள் வைஃபையில் பாதி வீதிக்குப் போகிறது. புதிதாக லைன் எடுக்கிறவர்கள், பூட்டும் நாளில் வீட்டில் நின்று, பெட்டியை நடு ஹோலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். பிறகு ரௌட்டருக்குக் கொடுப்பதைவிட அது மலிவு.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் மெதுவானது, நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு கொங்கிரீட் சுவரிலேயே வெகுவாகக் களைத்துவிடும். பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த செங்கல் சுவர்களும், தட்டுக்குத் தட்டுக் கொங்கிரீட் போட்ட தெஹிவளை மேல்மாடி வீடுகளும் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பெரிய சோதனை. குளிர்சாதனப் பெட்டி, மீன் தொட்டி, நிலைக்கண்ணாடி, இரும்பு அலுமாரி எல்லாம் அதற்கு இன்னொரு சுவர்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இன்னொரு கதை. அங்கே வீடு சின்னது, தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் போனில் வைஃபைப் பட்டியலைத் திறந்தால் மேல்தட்டு, கீழ்த்தட்டு, எதிர்த்தட்டு என்று பெயர்கள் கொட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெரிகின்றன. இங்கே சக்திவாய்ந்த ரௌட்டர் தேவையில்லை, 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகக் கையாளும் ரௌட்டர் போதும்.

அன்ட்ரொயிட் போனில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு இலவசச் செயலியைப் போட்டு, அறை அறையாக நடந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் டிபிஎம் என்ற அலகில், கழித்தல் எண்ணாக வரும். -50 அருமை. -67 வரை வீடியோ கோல் தடங்கலில்லாமல் போகும். -75ஐத் தாண்டினால் கனடாவிலிருந்து கதைக்கும் சித்தியின் முகம் உறையத் தொடங்கும். -80க்குக் கீழே இணைப்பு பெயருக்குத்தான்.

இந்த எண்களை வைத்து முடிவெடுக்கலாம். ஒரே தட்டு, இரண்டு மூன்று அறை, நடுவில் வைக்க இடம் உண்டு என்றால் ஒரு நல்ல ரௌட்டர் போதும். மேல்மாடி வீடு அல்லது முன்னும் பின்னும் நீண்ட வீடு என்றால், ஒரு பெரிய ரௌட்டரை வாங்குவதைவிட இரண்டு சாதாரணப் பெட்டிகளை வைப்பது நல்லது. காரணம் எளிது: ரௌட்டர் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டிய போனின் குரல் சின்னது. கோடு நிறையக் காட்டியும் பக்கம் திறக்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு பெட்டி வைப்பதென்றால் இடையில் லேன் கேபிள் போடுவது மிகச் சிறந்தது. ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகளை "மெஷ்" என்று சோடியாக விற்பார்கள், அவையும் கேபிள் கொடுத்தால் இன்னும் நன்றாக ஓடும். கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் மெஷை அப்படியே வைஃபையில் இணைக்கலாம், ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறைக்குள் வைக்கக் கூடாது. சிக்னல் இன்னும் உயிரோடிருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். சுவர் பிளக்கில் நேரே செருகும் மலிவு ரிப்பீட்டர்கள் பல, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால், வேகத்தைப் பாதியாக்கிவிடும். வேறு வழியில்லாதவர்களுக்கு மட்டும்.

கேபிளுக்கு கெட் 5இ தரமே 100 மீற்றர் வரை கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) போதும். புறக்கோட்டையில் மலிவாக வெட்டித் தரும் சுருள்களில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் கலந்திருக்கும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

4. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது

"ஏசி 1200", "ஏஎக்ஸ் 1500", "ஏஎக்ஸ் 3000" என்றெல்லாம் போட்டிருக்கும். எழுத்து தலைமுறையைச் சொல்கிறது: ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6. எண், இரண்டு அலைவரிசையின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்டது. ஏசி 1200 என்பது 2.4இல் 300, 5இல் 867. உங்கள் போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு அலைவரிசையில்தான் நிற்கும், அதிலும் நல்ல இடத்தில் நின்றால் கிடைப்பது எழுதியதில் பாதியளவுதான். ஆக 1200 என்ற எண்ணில் கைக்கு வருவது நானூறு, ஐந்நூறு. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேர்மையான கணக்கும் இல்லை.

இனி, பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போடாத ஒரு விடயம்: போர்ட்டின் வேகம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி 1200 வகைதான். ஆனால் சி50இன் போர்ட்டுகள் 100 மெகாபிட், சி6இல் கிகாபிட். 100 மெகாபிட் போர்ட்டில் உண்மையில் கிடைப்பது 94, 95தான். 200, 300 மெகாபிட் ஃபைபர் எடுத்துவிட்டு இப்படியொரு ரௌட்டரைப் போட்டால், மாதாமாதம் கட்டும் காசில் பெரும் பகுதி அந்தத் துளைக்குள்ளேயே நின்றுவிடும். பெட்டியில் "10/100" என்று இருந்தால் வைத்துவிடுங்கள், "10/100/1000" அல்லது கிகாபிட் என்று இருப்பதை எடுங்கள். இன்றைக்கு உங்கள் பக்கேஜ் சிறிதாக இருந்தாலும் சரி.

வைஃபை 6 வேண்டுமா? 2019இல் வந்தது, இப்போது விலையும் இறங்கிவிட்டது. ஒரே நேரத்தில் பல கருவிகளைக் கவனிப்பதில் அது கெட்டி. நான்கு போன், டிவி, மடிக்கணினி, சிசிடிவி என்று உள்ள வீட்டுக்கு ஏஎக்ஸ் 1500 அல்லது ஏஎக்ஸ் 1800 வகையில் ஒன்று போதும். ஏஎக்ஸ் 3000 தன் எண்ணை அடைவது 160 மெகாஹெர்ட்ஸ் சனல் அகலத்தில், பல போன்கள் அந்த அகலத்தைப் பாவிப்பதே இல்லை. வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் போன் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் வாங்கி வைத்து அழகு பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட்தான் என்பதை மனதில் வையுங்கள்.

அன்டெனா பற்றி ஒரு வரி. செங்குத்தாக நிற்கும் அன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், தலைக்கு மேல் குறைவாக. மேல்மாடிக்கு வேண்டுமென்றால் ஒன்றைச் சரித்து வையுங்கள்.

5. அப்டேட் வருகிறதா?

ஆண்டுக்கணக்கில் ஓடும் கருவிக்கு ஆண்டுக்கணக்கில் திருத்தம் வர வேண்டும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்தது. பெரும்பாலும் வீட்டு, சிறு அலுவலக ரௌட்டர்கள். எல்லாரும் ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்க எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. வீட்டு ரௌட்டர் யாருக்கு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வாங்க முன்னர், அந்த மொடலின் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, கடைசி ஃபேர்ம்வெயார் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றுமில்லை என்றால் அந்த மொடல் கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வி2, வி3, வி4 என்று பதிப்புகள் வரும், உள்ளே சிப்பே மாறியிருக்கும். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணுக்குரிய பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தானாக அப்டேட் செய்யும் வசதியும், வைஃபையைப் பூட்டும் புதிய முறையான டபிள்யூபிஏ 3 பாதுகாப்பும் இல்லாத புதிய ரௌட்டரை இனி வாங்கக் காரணமில்லை.

6. கரண்டும் இடியும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்ததை மறந்திருக்க மாட்டோம். அதெல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கியது. ஆகவே ரௌட்டரோடு ஒரு மினி யூபிஎஸ்ஸையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடப்டரில் 12 வோல்ட் 1 அம்பியர் என்றோ, 9 வோல்ட் என்றோ எழுதியிருக்கும். ஓஎன்டியும் ரௌட்டரும் இரண்டுமே 12 வோல்ட் என்றால் வேலை சுலபம், ஒரே மினி யூபிஎஸ்ஸில் இரண்டையும் கொடுக்கலாம். ரௌட்டருக்கு மட்டும் கொடுத்து ஓஎன்டியை மறந்தால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. வோல்ட் கட்டாயம் பொருந்த வேண்டும், யூபிஎஸ் தரும் அம்பியர் கூடினால் பரவாயில்லை.

யூபிஎஸ் பெட்டியில் 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி. இரண்டு பெட்டியும் சேர்ந்து 12 வாட் எடுத்தால், விரயம் போக இரண்டு மணித்தியாலம் சொச்சம். விற்பவர் எட்டு மணித்தியாலம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். 4ஜி வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றரியும் தீரும், அப்போது உங்கள் யூபிஎஸ்ஸால் பயனில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கொழும்பில் வழமை. ஃபைபர் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அடப்டர் வழியாகவும், வெளியே சிசிடிவிக்கு ஓடும் லேன் கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கம் வரும். செம்புக் கம்பி லைன் என்றால் சொல்லவே வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள், கேபிளையும் கழற்றுங்கள். காலி வீதிக்குக் கீழே, கடற்பக்கமாக இருப்பவர்கள் ரௌட்டரைத் திறந்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். உப்புக்காற்றில் போர்ட்டின் உலோகம் பச்சை பிடிக்கும்.

7. கடையில்

யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. விலையை மூன்று கடைகளில் கேளுங்கள். ஆனால் கடைசித் தீர்மானம் வாரண்டியை வைத்துத்தான். "ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா?" என்ற கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். கடை வாரண்டி அந்தக் கடை இருக்கும்வரைதான். பில்லின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்: நம் ஊரில் பல கடைகளுக்கு ஒரு வருடம் என்பது 350 நாள். எரிந்த தடம், துரு, உடைவு இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். மேலே இடியையும் உப்புக்காற்றையும் அவ்வளவு இழுத்துச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

யாரோ திருப்பிக் கொடுத்த கம்பனி ரௌட்டரை "அன்லொக்" செய்து மலிவாக விற்பார்கள். அதற்கு அப்டேட் வராது, உள்ளே யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் தெரியாது. வேண்டாம்.

8. வீட்டில் பூட்டும்போது

புதிய ரௌட்டரின் வான் போர்ட்டை ஓஎன்டியின் லேன் போர்ட்டோடு இணைத்தாலே இணையம் வந்துவிடும். சாதாரணப் பாவனைக்கு இது போதும். ஆனால் இரண்டு பெட்டியும் ரௌட்டராக நடப்பதால் சில ஒன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். அப்போது ஓஎன்டியை, ரௌட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லிக் கம்பனியைக் கேளுங்கள், அல்லது புதிய ரௌட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பொயின்ட் நிலையில் ஓட விடுங்கள். பிரிட்ஜுக்கு மாற்றினால் இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரௌட்டரில் போட வேண்டிவரலாம், முதலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பியோ டிவி பெட்டியின் கேபிள் ஏற்கனவே ஓஎன்டியில் எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

ஓஎன்டியின் பழைய வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலேயே இரண்டும் மோதும், போன் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் உள்நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. கடவுச்சொல் அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை நிறுத்துங்கள், அதன் எட்டு இலக்கப் பின்னில் உள்ள ஓட்டை 2011இலேயே வெளிவந்தது. பழைய சிசிடிவி ஏதும் டபிள்யூபிஏ 3இல் ஏற மறுத்தால், பழைய டபிள்யூபிஏ 2உம் புதியதும் கலந்த நிலையைத் தெரிவு செய்யலாம். விருந்தினருக்கும் சிசிடிவிக்கும் தனி வைஃபை போட்டுவிட்டால், வந்து போகிறவர்களிடம் வீட்டுக் கடவுச்சொல் சுற்றாது.

பிள்ளையின் சூம் வகுப்பு, வேறொருவரின் போன் படங்களை மேகத்துக்கு ஏற்றும்போது மட்டும் விக்கினால், காரணம் வைஃபை அல்ல, ஏற்றும் பாதை நிரம்பியதுதான். கியூஓஎஸ் என்ற பகுதியில் ஏற்று வேகத்தை லைனின் அளவுக்குக் கொஞ்சம் கீழே கட்டுப்படுத்தினால் சரியாகும்.

கடை மாற்றித்தரச் சம்மதிக்கும் நாட்களுக்குள் ரௌட்டரை வேலை வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கித் திரும்பப் போட்டு, யாரும் தொடாமல் தானே இணையத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுவதும் வீடியோ ஓடவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. மூன்றாம் படியில் குறித்த அதே இடங்களில் நின்று டிபிஎம் எண்களை மறுபடி எழுதுங்கள். எண் திருந்தவில்லையென்றால் பெட்டியையும் அட்டையையும் கசங்காமல் மடித்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.